மீனுக்கு ஒரு விலை, பெடியனுக்குப் பத்து வீதம்

மடு மாதா கோயிலின் ஆவணித் திருவிழாவுக்குப் போகிறவர்களில் பலர் அரிசி, பருப்பு, சட்டி பானையோடுதான் போவார்கள். காட்டோரம் கூடாரமடித்துச் சமைக்கும் சோற்றில் கல் கடித்தாலும் முறைப்பாடு கிடையாது. வாய் திறந்தால் அடுத்த வேளை அகப்பை உங்கள் கைக்கு வந்துவிடும். குறை சொல்லும் உரிமை காசு கொடுத்துச் சாப்பிடும்போதுதான் வருகிறது.

எங்களுக்கு அது திரும்பும் வழியில், கரையோரத்து ஏசி உணவகம் ஒன்றில் வந்தது. விளைமீனுக்குப் பஞ்சமில்லாத மன்னார்க் கடல் பக்கத்திலேயே கிடக்க, தட்டில் வந்த துண்டு ஓரம் கருகி, முள்ளோரம் வேகாமல் இளஞ்சிவப்பாக இருந்தது. பில்லில் சேவைக் கட்டணம் 10 வீதம். வற் வேறு 18 வீதம்.

இலங்கையில் அந்தப் பத்து வீதத்தோடு யாரும் மல்லுக்கட்டுவதில்லை. பெரிய உணவகங்களில் அதைச் சேர்த்துவைத்து ஊழியர்களுக்குப் பங்கிடுவது வழக்கம். அடிப்படைச் சம்பளம் குறைந்த பெடியனுக்கு அதுதான் கையில் நிற்கிற காசு.

இந்தியாவில் கதை வேறு. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் ஏற்றக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. உணவகச் சங்கங்கள் வழக்குக்குப் போயின. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. சங்கங்கள் மேல்முறையீடு செய்தன. இன்று சென்னையில், "சர்வீஸ் சார்ஜை எடுத்துடுங்க" என்று கூசாமல் கேட்கலாம். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம்.

நல்ல உரிமைதான். ஆனால் மீனைக் கெடுத்தது குசினி; வெட்டு விழுவதோ, கேட்குமுன் தண்ணீர் ஊற்றியவனின் பங்கில். முதலாளிக்கு மீன் விலை முழுசாகப் போய்ச் சேரும். வேளாங்கண்ணிக் கடற்கரைக் கடைகளில் இந்தச் சிக்கலே இல்லை. மசாலா தடவி அடுக்கியதில் நாமே கைகாட்டுகிறோம், கண்முன்னே பொரிகிறது, பிடிக்காவிட்டால் அடுத்த கடை.

நான் இலங்கைப் பழக்கத்தின் பக்கம், ஒரு திருத்தத்தோடு: கழிப்பதானால் தட்டின் விலையைக் கழிக்க வேண்டும். மச்சான், "விடுங்கோ, கோயிலுக்குப் போட்டு வாற வழியில ஏன் சண்டை?" என்றார். நான் விடவில்லை. முகாமையாளரைக் கூப்பிட்டு முள்ளோரத்தைப் பிரித்துக் காட்டினேன். முகம் சுளித்தாலும் மீனைப் பில்லிலிருந்து எடுத்தார். அதற்குரிய பத்து வீதமும் கூடவே போய்விட்டது. அதைப் பெடியனின் கையில் தனியாகக் கொடுத்தோம்.