நோயறிதலுக்கு அப்பால்: ‘ஸ்டில் ஆலிஸ்’ புதினத்தில் மறதிநோயாளர்க்கான தொடர்துணை

முன்னுரை

நோயின் பெயரைக் கூறுவது மருத்துவத்தின் பணி. அதன்பின் நோயாளர் எவ்வாறு வாழ்வது என்பது சமூகத்தின் பொறுப்பு. மறதிநோயைப் பொறுத்தவரை இவ்விரண்டிற்கும் இடையே நீண்ட இடைவெளி உள்ளது. நரம்பியலில் முனைவர் பட்டம் பெற்ற அமெரிக்க எழுத்தாளர் லிசா ஜெனோவா 2007இல் தாமே வெளியிட்ட ‘ஸ்டில் ஆலிஸ்’ என்னும் ஆங்கிலப் புதினம் நினைவிழப்பின் துயரக்கதையாக அறியப்பட்டது. கிடைக்காத துணையைப் பற்றிய விமரிசனமாகவும் அதனை வாசிக்க இடமுண்டு என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தனிமையில் வகுத்த திட்டம்

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரான ஆலிஸ், ஐம்பதாம் வயதில் தமக்கு அல்சைமர் நோய் இருப்பதை அறிகிறார். கதை அவருடைய அறிவெல்லைக்குள்ளேயே நகர்கிறது. ஆகவே, அவர் மறந்துவிட்டதை வாசகர் மட்டும் நினைவில் சுமக்கும் நிலை உருவாகிறது. நோயறிதலுக்குப் பின் அவர் நாள்தோறும் தம்மிடமே சில எளிய வினாக்களைக் கேட்டுக்கொள்ளக் கைப்பேசியில் ஏற்பாடு செய்கிறார். விடை தெரியாத நாளில், கணினியில் ‘பட்டாம்பூச்சி’ எனப் பெயரிட்ட கோப்பில் உள்ளபடி உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கணவரும் அறியாத திட்டம். இதனை மரணவிருப்பம் என்று மட்டும் கொள்வது போதாது. வருங்காலத்தைப் பற்றி மனம்விட்டுப் பேச இடமற்ற ஒருவர் தமக்குத்தாமே எழுதிக்கொண்ட ஏற்பாடு அது.

குழுவும் மேடையும்

பின்னர், நோயாளர்க்கென ஆதரவுக் குழு உண்டா என மருத்துவமனைச் சமூகப்பணியாளரிடம் ஆலிஸ் வினவுகிறார். பராமரிப்போர்க்கு உண்டு, நோயாளர்க்கு இல்லை. நோயாளரைப் பராமரிப்பிற்கு உரியவராக மட்டுமே காணும் அமைப்பின் பார்வை இவ்விடத்தில் வெளிப்படுகிறது. ஆலிஸ் தம்மை ஒத்த நோயாளர் சிலரைத் தாமே ஒன்றுகூட்டுகிறார். 2014இல் வெளிவந்த திரைப்படம் இக்குழுவைக் கைவிட்டு, ஆலிஸின் மேடையுரையை மட்டும் தக்கவைத்துக்கொண்டது. ஜூலியன் மூரின் நடிப்பு ஆஸ்கர் விருதுக்கு உரியதாயிற்று. ஆனால், கூட்டுத் துணையின் இடத்தைத் தனிமனித மனவுறுதி நிரப்பிக்கொண்டது.

புதினத்திற்கும் ஓர் எல்லை உண்டு. குழுவை உருவாக்க ஆலிஸுக்குக் கல்வியும் வசதியும் உதவின. அவை வாய்க்காத நோயாளர் என்ன செய்வார் என்னும் வினாவைப் புதினம் எழுப்பவில்லை.

கொள்கையின் விடை

அவ்வினாவிற்கு ஸ்காட்லாந்தின் கொள்கை ஒரு விடை தருகிறது. புதிதாக நோய் கண்டறியப்பட்ட ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஓராண்டுத் துணையும், அதற்கெனப் பெயர் குறித்து ஒதுக்கப்படும் இணைப்புப் பணியாளரும் உண்டு என அந்நாட்டு அரசு 2013இல் உறுதியளித்தது. அத்துணையின் ஐந்து தூண்கள்: நோயைப் புரிந்துகொள்ளல், சமூகத் தொடர்பைப் பேணல், சக நோயாளர் துணை, வருங்காலப் பராமரிப்பைத் திட்டமிடல், வருங்கால முடிவுகளைத் திட்டமிடல். இவற்றுள் இறுதி மூன்றும் ஆலிஸ் தனியே தேடி அலைந்தவை. எனினும், உறுதியளிக்கப்பட்ட அந்நாட்டிலும் அத்துணை அனைவரையும் சென்றடையவில்லை.

முடிவுரை

பட்டாம்பூச்சிக் கோப்பும் ஆதரவுக் குழுவும் ஒரே வெற்றிடத்திற்கு ஆலிஸ் அளித்த இருவேறு மறுமொழிகள். முன்னது தனிமையில் பிறந்தது. பின்னது தோழமையில் பிறந்தது. நோயறிதலோடு துணையும் வந்து சேர்ந்திருப்பின் முன்னதற்குத் தேவை எழுந்திருக்குமா என்பதே இப்புதினம் வாசகரிடம் விட்டுச்செல்லும் வினா.