பங்காளிப் பகை: அண்ணன்மார் கதையும் இரு திரைப்படங்களும்

பங்கு என்னும் சொல்லடியாகப் பிறந்த இரு சொற்கள் திருப்பூர் வட்டாரத்தில் நாள்தோறும் வழங்குகின்றன. பனியன் கம்பெனியில் கூட்டாக முதலிட்டோர் பங்குதாரர். தந்தைவழி ஒரு கூட்டத்தில் பிறந்தோர் பங்காளி. அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கத்து வேளாண் குடிகளிலிருந்து வந்து பின்னலாடைத் தொழிலில் இறங்கியோர் பலர் அண்ணன் தம்பியராகவே முதலிட்டமையால், இவ்விரு சொற்களும் ஒருவரையே சுட்டிய காலம் நெடிது. சரத் சாரி என்பார் இத்தொழிலைப் பற்றி 2004இல் வெளியிட்ட ஆய்வு நூலுக்கு உடன்பிறந்தார் முதல் எனப் பொருள்படும் பெயரைச் சூட்டியது பொருத்தமே. ஆயின் முதலிடும்போது இனிக்கும் உறவு கணக்கு முடிக்கும்போது கைப்பதை இவ்வூரார் நன்கறிவர். அக்கைப்பிற்குத் தமிழில் பழைய பெயர் ஒன்றுண்டு: தாயாதிக் காய்ச்சல்.

இக்காய்ச்சலைப் பாடுபொருளாகக் கொண்ட பெருங்கதைப்பாடல் கொங்கு நாட்டில் உண்டு. அண்ணன்மார் கதை, பொன்னர் சங்கர் கதை, குன்றுடையான் கதை எனப் பல பெயரால் வழங்கும் அதனை உடுக்கடிப் பாடகர் இரவிரவாகப் பாடி வந்தனர். 2011இல் அது திரைப்படமாயிற்று. அப்படத்தைப் பற்றி எழுத எம்மைத் தூண்டியது ஒரு வகுப்பறை நிகழ்ச்சியாகும். முதுகலை மாணவரை அண்ணன்மார் கதையைச் சுருக்கி எழுதுமாறு பணித்தோம். ஒருவர் ஒழிய ஏனையோர் அனைவரும் திரைப்படக் கதையையே எழுதினர். அவ்வொருவர் காங்கேயத்தை அடுத்த சிற்றூரினர். பாட்டியின் வாய்க் கேட்டவர். அவர் விடைத்தாளில் மட்டுமே வறுத்த விதை இருந்தது. பிறர் தாள்களில் பகைக்குக் காரணம் மாந்தியப்பன்.

வறுத்த விதைக்கும் மாந்தியப்பனுக்கும் உள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருளாகும்.

முதற்கண் கதைப்பாடலை நோக்குவோம். பிரெண்டா பெக் என்னும் மானிடவியலார் 1965இல் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் இதனைப் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்தார். அதனை ஆராய்ந்து 1982இல் நூலொன்று வெளியிட்டார். கவிஞர் சக்திக்கனல் ஏட்டுச்சுவடி கொண்டு பதிப்பித்த அண்ணன்மார் சுவாமி கதை 1971இல் வெளிவந்தது. வாய்மொழிக்கும் ஏட்டிற்கும் வேறுபாடு பல. எனினும் பகையின் ஊற்று இன்னது என்பதில் மயக்கமில்லை. பெற்றோரை இழந்த குன்றுடையானின் நிலத்தைப் பங்காளிகள் கவர்ந்து, அவனை ஆடுமாடு மேய்க்க விடுகின்றனர். அவன் வேற்றூர் சென்று பண்ணையில் உழைத்து, அவ்வீட்டுப் பெண் தாமரையை மணந்து, தன் பங்கைக் கேட்டு மீள்கின்றான். மறுக்க இயலாத பங்காளிகள் நிலத்தைத் தந்து, விதைக்கு வறுத்த தானியத்தைத் தருகின்றனர்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். வாளோ நஞ்சோ இங்கில்லை. பங்கு கொடுத்தாயிற்று என்று ஊரார்முன் சொல்லிக் கொள்ளலாம், விதையும் கொடுத்தாயிற்று. முளையாத விதை என்பது விதைத்தவனுக்கு மட்டுமே தெரியும். அதுவும் மழை பெய்து நாள் பல கழிந்த பின்பே தெரியும். பங்காளிப் பகையின் இயல்பை இதனினும் நுண்ணிதாக உணர்த்திய நிகழ்ச்சியை யாம் பிறிதோரிடத்தும் கண்டிலோம். ஆடிப்பட்டம் தப்பினால் ஆண்டு தப்பிற்று என்றிருக்கும் வானம் பார்த்த பூமியில் வாழ்ந்தவர்க்கே இக்கொடுமை முழுதும் விளங்கும். வள்ளுவர் பகைமாட்சி, பகைத்திறந்தெரிதல் எனப் பகையை இரண்டு அதிகாரங்களில் கூறிய பின்னும் உட்பகைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தது இவ்வகைப் பகையை எண்ணியே போலும். இருபுறமும் ஒட்டியிருப்பது போலத் தோன்றி ஒட்டாதிருப்பதே அதன் இலக்கணமாக அவர் காட்டுவது.

தாயத்தின் பொருட்டு எழும் போர் சங்கப் புலவர்க்கும் புதிதன்று. சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியும் சோழனே. இருவர் சூடியதும் ஆத்தியே. ஆதலின் எவர் தோற்பினும் தோற்பது நும் குடியே என்று இடித்துரைத்தார் கோவூர் கிழார். கோப்பெருஞ்சோழன் தன் மக்கள்மேலேயே போருக்கு எழுந்தபோது புல்லாற்றூர் எயிற்றியனார் வினவியதும் இதனோடு ஒக்கும்: நீ தோற்பின் இகழ்ச்சி, வெல்லின் நாட்டை யார்க்கு விடுவாய்? இப்பாடல்களில் பகைவன் அயலான் அல்லன் என்பதே அவலத்திற்கு வித்து. அயலானாயின் புலவர்க்கு இடித்துரைக்க என்ன உண்டு?

இனித் திரைப்படத்திற்கு வருவோம். மு. கருணாநிதி எழுதிய 'பொன்னர் சங்கர்' புதினத்தைத் தழுவித் தியாகராசன் இயக்கிய படம் அது. இசை இளையராசா. பொன்னராகவும் சங்கராகவும் நடித்தவர் பிரசாந்த் ஒருவரே. தாமரை நாச்சியாராகக் குசுபுவும், அருக்காணியாகச் சினேகாவும், தலையூர்க் காளியாக நெப்போலியனும் நடித்தனர். மாந்தியப்பனாக வருபவர் பிரகாசுராசு. தாமரைக்கு மணமகனாகக் குறிக்கப்பட்டு, அவள் வேறொருவரை மணந்தமையால் வஞ்சினம் கொண்டவன் இம்மாந்தியப்பன். காளியைத் துணைக்கொண்டு அவன் தாமரையின் குடியை அழிக்க முயல்வதே படத்தின் பகை.

இங்கு நேர்ந்த மாற்றம் சிறிதன்று. நிலத்தின் பங்கிலிருந்து பகை பெண்ணின் கைக்கு நகர்ந்துவிட்டது. பங்காளியின் இடத்தில் ஏமாந்த மணமகன் நிற்கின்றான். பங்காளியை வென்ற பின்னும் அவன் வீட்டுச் சாவிற்குத் தலைமுழுக வேண்டும். குலதெய்வக் கோயிலில் அவன் அருகே நிற்க வேண்டும். மாந்தியப்பனை வென்றால் எவரும் எதற்கும் தலைமுழுக வேண்டுவதில்லை. திரைப்படத்திற்கு வேண்டிய கொடியவன் கிடைத்தான். கதைப்பாடலுக்கு உயிரான குற்றவுணர்வு மறைந்தது.

மூலத்தை அப்படியே படமாக்க வேண்டும் என்னும் கட்டாயம் யாது என வினவுவார் உளர். அக்கட்டாயம் இல்லை என்பதே எம் கருத்தும். ஊருக்கு ஊர், பாடகருக்குப் பாடகர் மாறி வந்த கதை இது. புதினமும் படமும் அம்மாற்றத்தின் இரு கண்ணிகள் எனக் கொள்ளின் குறையொன்றுமில்லை. யாம் கேட்பது, மாற்றத்தால் கதை எதனைப் பெற்றது என்பதே. தாய்மாமன் மகளிரை மைந்தர் மணப்பர் என்னும் தாமரையின் சூளுரையைப் படம் தக்கவாறு பேணியுள்ளது. பெருந்திரளும் கோட்டை கொத்தளமும் கண்ணுக்கு விருந்தாகின்றன. ஆனால் கொங்கு நாட்டுக் காணியாளர் வாழ்வு, ஏரும் எருதும் களத்துமேடும் எல்லைக்கல்லுமாக இருந்தது, பேரரசர் வாழ்வாகப் பெருகி வழிகின்றது. எல்லைக்கல் சிறிதாக இருந்தமையாலேயே அப்பகை நமக்கு அணுக்கமாக இருந்தது. கோட்டைக்கும் நமக்கும் என்ன உறவு?

ஒருவரே இருவராக நடித்ததைப் பற்றியும் கூற வேண்டும். இரட்டை வேடம் தமிழ்த் திரையுலகில் பழைய வழக்கு. நடிகர்க்கு அது ஒரு தேர்வு. இக்கதையில் அது பொருளையே தாக்குகின்றது. பொன்னர் பொறுமையுடையவர், பேச்சால் தீர்க்க விழைபவர்; சங்கர் சினமே உருவானவர், வாளெடுத்த பின் பேசுபவர். பாடகர் குரலிலேயே இவ்வேறுபாடு கேட்கும். தம்பி வெட்டித் தீர்த்த பின் அண்ணன் முகம் சுருங்குமிடங்களே கதையின் மனச்சான்று. பங்காளியை ஒறுக்கலாமா என்னும் வினா இரு உடன்பிறந்தார் நெஞ்சங்களுக்கிடையே எழுகின்றது. இரு முகங்களும் ஒரு முகமாகும்போது வாதத்திற்கு இரு தரப்பு இல்லை. நடிகரின் உழைப்பை யாம் குறைத்துரைக்கவில்லை. ஒரே முகத்தைக் காணும் பார்வையாளர்க்கு இருவரும் ஒரு வீரனின் இரு படிகளாகவே தோன்றுவர் என்கின்றோம்.

திரைப்படம் என்னும் கலைக்கு இவ்வாறு இளைப்பது இயல்போ என ஐயுறுவார்க்கு 1992இல் வெளிவந்த 'தேவர் மகன்' விடையாகும். பரதன் இயக்கத்தில், கமல்காசனின் திரைக்கதையில், பி. சி. சிரீராமின் ஒளிப்பதிவில் உருவான அப்படம் அவ்வாண்டுக்குரிய சிறந்த தமிழ்ப்படம் என்னும் தேசிய விருதைப் பெற்றது. கதை நிகழ்வது தூவலூர் என்னும் கற்பனை ஊரில். படமாக்கியது பொள்ளாச்சி வட்டாரத்தில். கொங்கு மண்ணின்மேல் தென்பாண்டிப் பேச்சு உலவுவது எம்போன்றோர்க்குச் சற்று வியப்பாயினும், அது பெருங்குறையன்று. கருதத்தக்கது பகையின் அமைப்பு. பெரிய தேவர் மகன் சக்தி. சின்னத் தேவர் மகன் மாயன். பெரியப்பன் சிற்றப்பன் மக்களாகிய பங்காளிகள் இவர்கள். பகை எவ்வாறு வளர்கின்றது? பூட்டிய கோயிலின் பூட்டு உடைகின்றது, ஊரார் நடக்கும் பாதை அடைபடுகின்றது, ஏரிக்கரை உடைகின்றது. பூட்டு, பாதை, கரை: மூன்றும் ஊர்ப்பொது. பங்காளிகள் தம் பகையைத் தம்முள் வைத்துக்கொள்ள அறியாது பொதுவில் இறக்க, வெள்ளத்தில் மடிவது யாரோ ஒருவரின் குழந்தை. வறுத்த விதையின் வழித்தோன்றல்கள் என இவற்றைச் சொல்லலாம். இயக்குநரும் கதையாசிரியரும் அண்ணன்மார் கதையை எண்ணினர் என்று யாம் கூறவில்லை. பங்காளிப் பகையை உள்ளவாறு நோக்கிய எவரும் இத்தகைய சிறு பொருள்களிடத்தே வந்து சேர்வர் என்பதே எம் துணிபு.

முடிவும் ஒப்பு நோக்கத்தக்கது. மாயன் தலை வீழ்ந்தபின் சக்தி வெற்றி கொண்டாடவில்லை. பழியைத் தாம் ஏற்பதாக முன்வரும் ஊராரை மறுத்துச் சிறைக்குச் செல்கின்றான். கதைப்பாடலிலோ, தம் காலம் முடிந்தது என்றுணர்ந்த சங்கர் தம் வாளின்மேல் தாமே வீழ, பொன்னரும் அவ்வழி செல்கின்றார். பகைவன் கையால் மாளாது தம் கையால் மாளும் இவ்விறப்பில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததன் நிழல் உண்டு.

இவ்வாறு கூறுவதால் கதைப்பாடலை மாசற்றது என்றும் 'தேவர் மகனை' நிறைவுடையது என்றும் யாம் நிறுவுவதாகக் கொள்ளற்க. அண்ணன்மார் கதையில் வேட்டுவர் பகைவராகவே நிற்பர். காட்டை அழித்து வயலாக்கியவர் பாடிய பாட்டில், காட்டை இழந்தவர் வேறெவ்வாறு தோன்றுவர்? அவர்கள் பாடியிருப்பின் கொம்பன் என்னும் பன்றி பயிரை உழக்கிய பன்றியாக இராது. சாம்புவன் நிலை இதனினும் ஆழ்ந்து நோக்கற்பாலது. அண்ணன்மார்க்குப் பணியாளனாகவும் போர்த்துணையாகவும் நிற்கும் அவனுக்கு அந்நிலத்தில் பங்கில்லை; பங்கில்லாதவனுக்குப் பங்காளியும் இல்லை; பகையில் மட்டும் பங்குண்டு. சக்தியின் சொற்கேட்டுக் கோயிற் பூட்டை உடைத்த இசக்கி கையிழந்ததும் இவ்வாறே. பார்வையாளர் இசக்கியைக் கண்டு நகைத்தனர். அவ்வேடம் புனைந்த வடிவேலுவே 2023இல் மாரி செல்வராசின் 'மாமன்னன்' படத்தில் தலைமைப் பாத்திரமானதும், அப்படத்திற்கு இசக்கியே தூண்டுதல் என அவ்வியக்குநர் வெளிப்படையாகக் கூறியதும், ஒரு திரைப்படத்தின் மேல் மற்றொன்று எழுதிய சிறந்த திறனாய்வு எனலாம். அண்ணன்மார் கதையைச் சாம்புவன் பக்கம் நின்று நோக்கும் படைப்பு இன்னும் எழுதப்பட வேண்டியதாக உள்ளது.

இறுதியாக அருக்காணி. வீரப்பூர்ப் படுகளத்தில் அண்ணன்மாரைத் தேடி வருபவள் அவளே. வீழ்ந்தோரை எழுப்பி ஒருமுறை பேசவைத்து, மீண்டும் இழப்பவளும் அவளே. மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசித் திருவிழாவிலும், கொங்கு நாட்டு அண்ணமார் கோயில்களிலும், படுகளம் வீழ்ந்து கிடப்போரைப் பாடி எழுப்பும்போது கேட்போர் கண் கலங்குவது வீரத்திற்காக அன்று; தங்கையின் குரலுக்காக. பகையில் அவளுக்குச் சொல் இல்லை. துயர் முழுதும் அவளுடையது. திரைப்படத்தில் அவள் பெயரும் உருவமும் உள. கதையின் எடை அவள்மேல் இறங்கவில்லை.

வறுத்த விதையை எழுதிய அம்மாணவி வகுப்பு முடிந்தபின் எம்மிடம் ஒன்று வினவினார்: அருக்காணிக்கு வளநாட்டில் பங்கு உண்டா ஐயா? தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால், அதற்குமுன் மணமாகாத பெண்மக்கள் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே பங்குரிமை பெற்றனர். 2005இல் நாடு முழுமைக்கும் அவ்வுரிமை விரிந்தது. 'தேவர் மகன்', 'பொன்னர் சங்கர்' ஆகிய இரண்டும் 1989க்குப் பின் வந்தவை. பங்கைக் கேட்கும் பெண்ணொருத்தி இரண்டிலும் இல்லை. அம்மாணவியின் தமக்கை, திருப்பூரில் உடன்பிறந்தார் நடத்தும் கம்பெனியின் பொருட்டு, சென்ற தை மாதத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டவர் என்பதைப் பின்னரே அறிந்தோம்.