விரியனும் சிலம்பும்: திருக்குற்றாலக் குறவஞ்சியை மாணவர் அசைவூட்டக் குறும்படமாகத் திட்டமிடுதல்

ஆய்வுச்சுருக்கம்

திருக்குற்றாலக் குறவஞ்சியை அசைவூட்டக் குறும்படமாக்க எண்ணும் மாணவர், அதன் மலைவளப் பாடலையோ வசந்தவல்லியின் பந்தாட்டத்தையோ நாடுவது இயல்பு. நூலின் இறுதிப் பகுதியில் வரும் சிங்கன் சிங்கி உரையாடலே இக்கலைக்கு மிகவும் பொருந்திய பகுதி என்பது இக்கட்டுரையின் கருத்து. உருமாற்றம் என்னும் அசைவூட்ட இயல்பு அவ்வுரையாடலின் சொல்லமைப்பிலேயே இருப்பதையும், பகுதித் தேர்வு, சட்டக எல்லை, கால அளவு ஆகிய திட்டமிடல் முடிவுகள் குறத்தியைச் சித்திரிக்கும் அறத்தோடு பிணைந்திருப்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குறவஞ்சி, அசைவூட்டம், கதைப்பலகை, உருமாற்றம், சித்திர சபை, குறத்தி

முன்னுரை

தென்காசியை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. இந்நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அவருக்கு அளித்த நிலம் குறவஞ்சி மேடு எனப்படுகிறது. இறைவன் உலா வருதல், வசந்தவல்லி மையல் கொள்ளுதல், குறத்தி வந்து குறி சொல்லுதல், குறவன் அவளைத் தேடி வந்து சேர்தல் என நூல் காட்சி காட்சியாக நகர்கிறது. கட்டியக்காரன் வந்து அறிவிக்க, பாத்திரங்கள் ஒருவர்பின் ஒருவராகத் தோன்றுகின்றனர். ஆடரங்குக்கென எழுந்த இலக்கியமாதலின், இதைப் படிப்பவர் கண்முன் கதைப்பலகையின் கட்டங்கள் தாமே விரிகின்றன. 1944இல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவில் இதனை நாட்டிய நாடகமாக அமைத்தார் என்பதும் இதன் காட்சித்தன்மைக்குச் சான்றாகும்.

இத்தகைய நூலை அசைவூட்டப் படமாக்குதல் எளிது என்று தோன்றும். இந்த எளிமையே மாணவரை வழுக்கிவிடும் இடம் என்று கருதுகிறேன்.

எந்தப் பகுதி?

மலைவளம் கூறும் பாடலில் ஆண் குரங்குகள் பெண் குரங்குகளுக்குக் கனி கொடுத்துக் கொஞ்சுகின்றன. சிந்திய கனிக்கு வானவர் ஏங்குகின்றனர். அருவியின் அலை வானளாவப் பெருக, கதிரவனின் தேர்க்காலும் குதிரைகளின் குளம்பும் அதில் வழுக்குகின்றன. இதைப் படித்தவுடன் படமாக்கத் தோன்றாத மாணவர் இருக்க முடியாது. ஆயினும் இப்பாடலில் ஒவ்வோர் அடியும் தனித்தனி ஓவியம். ஓர் ஓவியத்திலிருந்து அடுத்ததற்குச் செல்ல ஒலியும் சந்தமும் துணை நிற்கின்றனவே ஒழிய, நிகழ்ச்சித் தொடர்ச்சி இல்லை. ஆறு அடிகளுக்கு ஆறு பின்னணிகள், ஆறு வகைப் பாத்திரங்கள், அவற்றுடன் நீரின் அசைவு. நீரை நம்பத்தகுந்தவாறு வரைந்து அசைப்பது தேர்ந்த கலைஞருக்கே கடினமான பணி. மேலும் குற்றாலப் பேரருவியில் நீர் நேராக விழுவதில்லை; இடையிலுள்ள பொங்குமாங்கடலில் விழுந்து, பொங்கி, மீண்டும் வழிகிறது. இதை அறியாமல் வரைந்தால் அது ஏதோ ஓர் அருவியாகவே இருக்கும்.

கணக்கையும் பார்க்க வேண்டும். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படத்தில், ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தும் சிக்கன முறையைக் கையாண்டாலும் நொடிக்கு 12 ஓவியங்கள் தேவை. மூன்று நிமிடப் படத்துக்கு 2,160 ஓவியங்கள். ஒருவர் நாளுக்குப் பத்து வரைந்தால் 216 நாட்கள். வண்ணமும் பின்னணியும் ஒலியும் இதில் அடங்கா. இறுதியாண்டு மாணவர் ஒருவரின் ஒரு கல்வியாண்டு இதிலேயே முடிந்துவிடும்.

பிரித்தானியக் கலைஞர் நிக் பார்க், தேசியத் திரைப்பட தொலைக்காட்சிப் பள்ளியில் பயின்றபோது 1980களின் தொடக்கத்தில் பட்டப் படமாகத் தொடங்கிய 'எ கிராண்ட் டே அவுட்', அவர் ஆர்ட்மன் நிறுவனத்தில் சேர்ந்த பின்னர் 1989இல்தான் நிறைவுற்றது. அப்படம் வாலஸ், க்ரோமிட் என்னும் புகழ்பெற்ற இணையை உலகுக்குத் தந்தது. எனினும் அது ஏறத்தாழ 23 நிமிடப் படம் என்பதையும், அதை முடிக்க ஒரு நிறுவனம் கைகொடுத்தது என்பதையும் மறந்துவிட்டு அதை முன்மாதிரியாகக் கொள்ளலாகாது.

உரையாடலில் உள்ள உருமாற்றம்

பறவை பிடிக்க வந்த சிங்கன், தன்னைப் பிரிந்து சென்ற சிங்கியைத் தேடிக் காண்கிறான். அவள் காலில் முன்பு காணாத பொருள்கள் கிடக்கின்றன. பெரிய விரியன் கடித்துக் கிடப்பது ஏன் என்று கேட்கிறான். அது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள். முறுகித் திருகிய ஒன்றைக் கேட்கிறான். அது கோலத்து நாட்டார் கொடுத்த தண்டை. நாங்கூழ்ப்புழுப்போல் நெளிவது பாண்டியன் மகள் குறி கேட்டு அணிவித்த பாடகம். செத்த தவளையைக் கட்டியதுபோல் இருப்பது குற்றாலநாதர் சந்நிதிப் பெண்கள் தந்த கெச்சம். விரலில் சுருண்டு கிடக்கும் பூச்சியோ கண்டி தேசத்தில் பெற்ற காலாழி.

இப்பகுதி பெரும்பாலும் நகைச்சுவை என்றே பேசப்பட்டு வருகிறது. நகை அறியாத குறவனின் பேதைமை என்று இதை விளக்குவது வழக்கம். சிங்கன் உண்மையிலேயே அறியாதவன்தானா? தன்னை விட்டுச் சென்ற மனைவி அணிகலன்களுடன் நிற்கிறாள். அவை எவ்வாறு வந்தன என்று நேராகக் கேட்க அவன் நா எழவில்லை; பாம்பு என்றும் புழு என்றும் கேட்கிறான். அவன் வாயில் வரும் உவமைகள் அனைத்தும் ஊர்வனவும் நெளிவனவும் செத்தனவும் ஆகும். அவை ஐயத்தின் உருக்கள். சிங்கியின் விடை ஒவ்வொன்றும் ஊர், தொழில், பொருள் என்று கணக்கு ஒப்புவிக்கிறது. பாம்பு சிலம்பாவது இங்கு ஐயம் கூலியாவதாகும்.

ஒன்று மற்றொன்றாக மாறுவது அசைவூட்டக் கலையின் பிறப்புரிமை. 1908இல் எமில் கோல் உருவாக்கிய 'ஃபாண்டாஸ்மகோரி'யில் கோடுகள் உருவம் மாறிக்கொண்டே இருக்கின்றன. படம் முழுவதும் அதுவே நிகழ்கிறது. நடிகரைக் கொண்டு எடுக்கும் படம் விரியனைக் காட்டிப் பின்னர்ச் சிலம்பைக் காட்ட வேண்டும். இடையில் ஒரு வெட்டு விழும். நாட்டியத்தில் சர்ப்பசீர்ஷ முத்திரை குலைந்து வேறொரு முத்திரையாகும். காண்போரின் கற்பனை இடைவெளியை நிரப்பும். வரைகோடு மட்டுமே பாம்பாகவும் சிலம்பாகவும் ஒரே நொடியில் இருக்கவல்லது.

இதனினும் நுண்ணியதொரு செய்தி தமிழ்த் தொடரமைப்பில் உள்ளது. சிங்கியின் முதல் விடையில் ஊர் முதலில் வருகிறது, அடுத்துக் குறி சொன்ன செயல், கடைசியாகச் சிலம்பு. கேட்பவன் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதனால் விரியன் நேராகச் சிலம்பாவது பொருந்தாது. ஊர்ப்பெயர் ஒலிக்கும்போது பாம்பின் உடல் வழித்தடமாக நீள வேண்டும். குறி சொல்லும்போது அவ்வழி கைரேகையாகச் சுருங்க வேண்டும். அணியின் பெயரில் வளைந்து மூட வேண்டும். இடைநிலை ஓவியங்களை மென்பொருள் தானே நிரப்பிக்கொள்ளும் இக்காலத்தில் மாணவர் தவறவிடக்கூடியது இந்த நடுநிலைதான். ஆகவே இப்படத்தில் வரைதலுக்கு முன்னர் குரல் பதிவாக வேண்டும். குரலின் அசை ஒவ்வொன்றையும் எக்ஸ்போஷர் ஷீட்டில் சட்டக எண்ணோடு குறித்த பின்னரே கதைப்பலகை இறுதியாக வேண்டும். பாட்டைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற திட்டம் இங்கே உதவாது.

சட்டகத்தின் எல்லை

உரையாடல் காலோடு நிற்பதில்லை. சிங்கனின் கண் மேலே மேலே ஏறுகிறது. தொடை, இடை எனச் சிற்றின்பச் சுவையும் ஏறுகிறது. அக்கால அரங்குக்கு அது மரபு. இன்று ஒரு மாணவர் அதை அவ்வாறே வரைய முனைந்தால் இரண்டு சிக்கல்கள் எழும். ஒன்று, பெண்ணுடலை மேயும் ஆண் பார்வை. மற்றொன்று இதனினும் கடுமையானது. குறவர் இன்றும் நம்மோடு வாழும் மக்கள். அவர்களைக் கொச்சையாகச் சித்திரிக்கிறது என்னும் எதிர்ப்பின் விளைவாகக் குறவன் குறத்தி ஆட்டத்துக்கு 2023இல் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. ஒரு குறத்தியின் முகத்தையும் உடலையும் மிகைப்படுத்தி வரையும் பாத்திர வடிவமைப்பு, 'கார்ட்டூன் என்றால் மிகைப்படுத்தல் இருக்கத்தானே செய்யும்' என்று கூறித் தப்பிவிட முடியாது.

எனவே படம் முழுவதும் சட்டகம் முழங்காலுக்கு மேலே செல்லலாகாது என்பது என் பரிந்துரை. கால்கள் மட்டும், குரல்கள் சட்டகத்துக்கு வெளியே. இதனால் முகம் வரைய வேண்டியதில்லை, உதட்டசைவைக் குரலோடு பொருத்த வேண்டியதில்லை. மாணவரின் உழைப்பில் கணிசமான பங்கு மிச்சமாகும். ஐந்து வினாவிடைகளுக்குத் தலா 10 நொடி என 50 நொடி, சிங்கன் வெறுங்கண்ணியோடு தேடி வரும் தொடக்கத்துக்கு 30 நொடி, இறுதிக்கு 20 நொடி. ஆக 100 நொடி, 1,200 ஓவியங்கள். நாளுக்குப் பத்து வீதம் நான்கு மாதங்கள். சிக்கனத்துக்காக எடுத்த முடிவும் அறத்துக்காக எடுத்த முடிவும் இங்கே ஒன்றாகின்றன. இது எப்போதும் வாய்ப்பதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். முகமே இல்லாமல் குறத்தியைக் காட்டுவது அவளை மறைப்பது ஆகாதா? இதை நான் எளிதில் ஒதுக்கவில்லை. ஆயினும் இவ்வுரையாடலில் சிங்கியின் ஆளுமை அவள் குரலிலும் அவள் நடந்த தொலைவிலும் உள்ளது. சேலம் முதல் கண்டி வரை நடந்த கால்கள் அவை. குரலுக்கு யாரை அமர்த்துவது என்பதே இப்படத்தின் பாத்திர வடிவமைப்பு. குறவர் சமூகத்துப் பெண் ஒருவர் பாடுவதும், கதைப்பலகையைப் பார்த்துத் திருத்தம் சொல்வதும் திட்டத்தின் தொடக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.

இதற்கு இந்தியாவில் முன்னோடி உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அசைவூட்டம் பயின்று அங்கேயே கற்பித்த நினா சப்னானி, 1984இல் உருவாக்கிய 'சுப் விவாஹ்' படத்தில் மிதிலை ஓவியப் பாணியில் வரதட்சணையைப் பேசினார். அங்கே பாணி, பொருளுக்கு நெருக்கமானதாயினும், இயக்குநரின் கையில் இருந்தது. 2009இல் வந்த 'டாங்கோ போலே சே' படத்திலோ கட்ச் பகுதிக் கைவினைப் பெண்களின் துணித்தையல்களே அசைகின்றன. அவர்களின் குரல்களே கதை சொல்கின்றன. இவ்விரு படங்களுக்கும் இடையே கால் நூற்றாண்டில் நிகழ்ந்த நகர்வு, எந்தத் தொழில்நுட்ப முன்னேற்றத்தையும்விட மாணவர்க்குப் பாடமாகத்தக்கது.

கோடும் வண்ணமும்

குற்றாலத்தில் படம் எடுப்போர் சித்திர சபையை நினையாமல் இருக்க இயலாது. இறைவனின் ஐந்து ஆடரங்குகளுள் இது ஓவிய மன்று. ஆடல்வல்லான் இங்கே ஓவியமாகவே வழிபடப்படுகிறார். செப்புத்தகடு வேய்ந்த கூரையின் கீழ்ச் சுவரெங்கும் ஓவியங்கள். சாரல் காலத்தில் அருவிக்கு வரும் கூட்டத்தில் சிறு பகுதியே இதுவரை நடந்து வருகிறது.

இவ்வோவியங்களின் உருவங்களை எடுத்து ஒட்டுவது மேலோட்டமான செயல். அவற்றிலுள்ள தெய்வக் காட்சிகளுக்கும் சிங்கியின் காலுக்கும் தொடர்பு குறைவு. எடுக்கத்தக்கவை இரண்டு. ஒன்று, உருவத்தைச் சுற்றி அறுபடாமல் ஓடும் புறக்கோடு; உருமாற்றம் அறுபடாத கோட்டையே நம்பியிருக்கிறது. மற்றொன்று, வண்ணச் சிக்கனம். ஒளிப்படம் பார்த்து வரைவதைவிட, அங்கே சென்று சில நாட்கள் அமர்ந்து கோட்டைக் கையால் பழகுவது நன்று.

தென்மாவட்டங்களில் ஆடப்பட்டு வந்த தோற்பாவைக்கூத்தைப் பின்பற்றலாமே என்ற எண்ணமும் எழும். லோட்டே ரைனிகர் 1926இல் நிழலுருக்களை வெட்டி அசைத்து முழுநீளப் படமே உருவாக்கினார். வெட்டுருவ முறை செலவும் குறைந்தது. நூலின் தொடக்கத்தில் வரும் உலாவுக்கு அது மிகப் பொருந்தும். இவ்வுரையாடலுக்குப் பொருந்தாது. வெட்டிய தோல் மூட்டில் மடங்கும், வேறொன்றாக உருகாது. மரபுக்கலை என்பதற்காகவே ஒரு முறையைத் தேர்வது பொருளைவிட அறிமுகக் குறிப்பை நோக்கிய தேர்வாகிவிடும்.

எஞ்சுவது இறுதி 20 நொடி. கண்டியில் பெற்ற காலாழிக்குக் குறத்தி கடல் கடந்திருக்க வேண்டும். கவிராயர் அக்கடலைப் பற்றி அவ்விடத்தில் ஒரு சொல்லும் கூறவில்லை. விரலைச் சுற்றிய பூச்சி அவிழ்ந்து அலைக்கோடாகிச் சட்டகத்தின் இரு விளிம்பையும் தொட, சிங்கனின் அடுத்த கேள்விக்கென விட்ட இடம் ஒலித்தடத்தில் வெறுமையாகவே ஓட, கெச்சத்தின் ஒலி மட்டும் நடந்து விலகுவதாக அமைக்கலாம். அவ்வெறுமைக்கு எத்தனை சட்டகங்கள் விடுவது என்பதைக் குரல் பதிவான பிறகே முடிவு செய்ய இயலும்.