20 வோல்ட் வந்துவிட்டது, அப்புறம்?

கார் ஆம்ப்ளிஃபையரில் கெயின் எப்படி செட் பண்ணுவது என்று தேடினால் வருகிற வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே சமையல் குறிப்பைத்தான் சொல்கின்றன. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்று. டெஸ்ட் டோனை ஓடவிடு. ஸ்டீரியோவின் வால்யூமை முக்கால்வாசிக்கு ஏற்று. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் முனைகளில் பிடி. வாட்ஸையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடு. 100 வாட்ஸ், 4 ஓம் என்றால் 400, அதன் வர்க்கமூலம் 20. மீட்டரில் 20 வரும்வரை கெயினைத் திருகு. இரண்டு சேனலிலும் 20 வந்துவிட்டதா? பேலன்ஸ் ஆயிடுச்சு, ஒயரை மாட்டு, கிளம்பு.

கணக்கில் தப்பில்லை. ஓம் விதி ஓம் விதிதான். ஆனால் இந்த முறை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதாக நாம் நினைக்கிறோமோ, அந்தக் கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை. நாம் கேட்பது இரண்டு விஷயம். ஒன்று, ஒலி சிதையாமல் ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு கொடுக்கும்? இரண்டு, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தால் இடதும் வலதும் சமமாகக் கேட்குமா? மீட்டரில் வரும் 20 இரண்டையும் தொடவில்லை.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கெயினை வால்யூம் என்று நினைத்துக் கடைசிவரை திருகி வைப்பவர்கள் இன்னும் நிறைய. கெயின் என்பது வால்யூம் இல்லை. ஸ்டீரியோவிலிருந்து வரும் 2 வோல்ட்டோ 4 வோல்ட்டோ, அதை ஆம்ப்ளிஃபையரின் முழு அளவோடு பொருத்துகிற திருகு, அவ்வளவுதான். மீட்டர் முறை அந்தக் கடைசிவரை திருகும் பழக்கத்தையாவது தடுக்கிறது. அந்த அளவுக்கு நல்லது.

சுமை இல்லாத சோதனை

சாஃப்ட்வேர்காரர்களுக்கு இது உடனே புரியும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அளப்பது, டேட்டாபேஸை மாக் பண்ணிவிட்டு யூனிட் டெஸ்ட் ஓட்டுவது மாதிரி. டெஸ்ட் பாஸ் ஆகும். ப்ரொடக்‌ஷனில் என்ன ஆகும் என்பது வேறு கதை.

ஸ்பீக்கர் இல்லாதபோது ஆம்ப்ளிஃபையரிலிருந்து கரண்ட் ஏறக்குறைய ஓடுவதே இல்லை. உள்ளே இருக்கும் பவர் சப்ளை சோர்வதில்லை. அதனால் சைன் அலையின் உச்சிக்குத் தேவையான 28.3 வோல்ட்டை அது எளிதாகக் கொடுத்துவிடும். மீட்டர் 20 காட்டும். இப்போது 4 ஓம் சுமையை மாட்டுங்கள். கரண்ட் ஓடுகிறது, சப்ளை இறங்குகிறது. அந்த ஆம்ப்ளிஃபையர் உண்மையில் சிதையாமல் கொடுப்பது 80 வாட்ஸ்தான் என்றால், 17.9 வோல்ட்டிலேயே அலையின் தலை தட்டையாகிவிடும். அப்போது மீட்டர் பெட்டிக்குள் போயிருக்கும்.

இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்பதும் இதில் சேரும். பேட்டரி மட்டும் என்றால் சுமார் 12.6 வோல்ட், ஆல்டர்னேட்டர் சுற்றும்போது 13.8 முதல் 14.4. பல ஆம்ப்ளிஃபையர்களின் சப்ளை ரெகுலேட் செய்யப்பட்டது இல்லை. பேட்டரி இறங்கினால் கூடவே இறங்கும். பவர் வோல்ட்டின் வர்க்கத்தில் போவதால், 14.4-ல் 100 வாட்ஸ் கொடுப்பது 12.6-ல் சுமார் 77 வாட்ஸ்தான்.

சரி, பெட்டியில் போட்டிருக்கும் 100 வாட்ஸ் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 2003-ல் சிஇஏ-2006 என்று ஒரு அளவுமுறை வந்தது (இப்போது சிடிஏ-2006). 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஆனால் அது தயாரிப்பாளர் விரும்பினால் பின்பற்றலாம் என்கிற வகை. பின்பற்றாதவர் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

கார் ஸ்டீரியோ முகப்பில் இருக்கும் ‘4 × 50 வாட்ஸ்’ என்ற வாசகத்தை ஒரு தரம் கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே வோல்டேஜை உயர்த்தும் சப்ளை கிடையாது, பேட்டரியின் 14.4 மட்டுமே. பிரிட்ஜ் முறையில் இணைத்தாலும் சைன் அலையின் உச்சி 14.4-ஐத் தாண்ட முடியாது. அதாவது 10.2 வோல்ட், 4 ஓமில் சுமார் 26 வாட்ஸ். அதுவும் உள்ளே இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால். அப்போ 50 எங்கே? முழுக்கத் தட்டையான சதுர அலைக்கு 14.4-இன் வர்க்கம் 207. 4-ஆல் வகுத்தால் 52. ஆக அந்த 50, பாட்டு முழுவதும் சிதைந்த நிலையில் வரும் வாட்ஸ். இப்படிப்பட்ட எண்ணை எடுத்து வர்க்கமூலம் போட்டு, அதைக் குறிவைத்துக் கெயினைத் திருகினால், நாமே கையால் க்ளிப்பிங்கை செட் பண்ணுகிறோம்.

இது வெறும் நுணுக்கச் சண்டை இல்லை. அலை முழுதாகத் தட்டையானால், அதே உச்சியில் பவர் இரண்டு மடங்கு வரை போகும். கூடவே மூலப் பாட்டில் இல்லாத உயர் அலைவரிசைகள் முளைத்து ட்வீட்டருக்குப் போகும். சில வாட்ஸ் வெப்பத்துக்குப் பழகிய மெல்லிய காயில் அது. எரிந்தால் ‘கம்பெனி ஸ்பீக்கர் சரியில்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஜோடி வாங்குகிறோம்.

டோன் எத்தனை டெசிபல்?

வீடியோக்களில் அதிகம் பேசப்படாத விஷயம் இது. டெஸ்ட் டோன் 0 டெசிபலில் பதிவானதா, -5-ஆ, -10-ஆ? -10 டோனை வைத்து 20 வோல்ட் செட் செய்தால், 0 டெசிபலைத் தொடுகிற பாட்டு வரும்போது ஆம்ப்ளிஃபையரிடம் 63 வோல்ட் கேட்கிறோம். 4 ஓமில் அது 1000 வாட்ஸ். எந்த ஆம்ப்ளிஃபையர் கொடுக்கும்? இன்றைய பாட்டுகள் பெரும்பாலும் 0-க்குப் பக்கத்திலேயே அடைத்துப் பதிவு செய்யப்பட்டவை. 80-களின் பாட்டுள்ள பழைய சிடி என்றால் சராசரி அளவு நன்றாகத் தாழ்ந்திருக்கும், -5 பொருந்தும். என்ன கேட்பீர்கள் என்பதைப் பொறுத்த முடிவு இது.

மீட்டர் எதில் கெட்டி?

மலிவான மஞ்சள் மல்டிமீட்டரின் கையேட்டைப் பாருங்கள். ஏசி அளவில் 200 வோல்ட் ரேஞ்ச், ±1.2 சதவீதம், கூடவே கடைசி இலக்கத்தில் ±10 என்று இருக்கும். 20 வோல்ட்டில் இது மொத்தம் 1.2 வோல்ட்டுக்கு மேல் முன்பின். அலைவரிசை 45 முதல் 450 ஹெர்ட்ஸ் வரைதான். நாமோ 1000 ஹெர்ட்ஸ் டோனை வைத்து 20.0-ஆ 19.8-ஆ என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். தட்டையான அலையைப் பார்த்தால் இந்த வகை மீட்டர் 11 சதவீதம் வரை கூட்டியும் காட்டும்.

ஆனால் அதே மீட்டரால், அதே டோனில், இரண்டு சேனலை ஒப்பிட்டால் பெரும்பாலான பிழை இரண்டிலும் ஒரே மாதிரி வந்து கழிந்துவிடும். அதாவது மல்டிமீட்டர் ஒப்பிடுவதில் கெட்டி, வாட்ஸுக்குச் சான்றிதழ் கொடுப்பதில் சுமார். நாம் தலைகீழாகப் பயன்படுத்துகிறோம்.

என் காரில் 300 ஹெர்ட்ஸில் அளந்தபோது ஒரு சேனல் 20.0, மற்றது 19.1. பதற வேண்டாம்: இது 0.4 டெசிபல். 20-க்கு 18 என்றாலும் 0.9 டெசிபல்தான். வாட்ஸில் பார்த்தால் 100-க்கு 81 என்று பயங்கரமாகத் தெரியும். காதுக்கு அது மிகச் சின்ன வித்தியாசம். 2, 3 டெசிபல் வந்தால் மட்டும் காரணம் தேடுங்கள். கெயின் திருகின் ஒரே தண்டில் இரண்டு சேனலுக்குமான இரண்டு கார்பன் தடங்கள் இருக்கும். மலிவானவற்றில், அதுவும் திருகின் ஆரம்பப் பகுதியில், அவை சேர்ந்து நகர்வதில்லை. ஒரே திருகு என்பதால் கெயினை வைத்து இதைச் சரிசெய்யவும் முடியாது. ஸ்டீரியோவின் பேலன்ஸிலோ டிஎஸ்பியிலோதான் முடியும்.

காது எங்கே இருக்கிறது?

இனிமேல்தான் முக்கியமான விஷயம். இரண்டு சேனலும் துல்லியமாக 20 வோல்ட் என்றே வைத்துக்கொள்வோம். நம்மூரில் ஓட்டுநர் வலப்பக்கம். வலது கதவு ஸ்பீக்கர் 80 செ.மீ. தூரத்தில், இடது 130 செ.மீ. தூரத்தில் என்றால், திறந்தவெளிக் கணக்கில் 4.2 டெசிபல் வித்தியாசம். காருக்குள் கண்ணாடியிலும் கூரையிலும் எதிரொலிப்பதால் கொஞ்சம் குறையும், ஆனால் போகாது. கடையில் பைசா சுத்தமாகச் சரிசெய்த 0.4 டெசிபல் இதற்கு முன் எம்மாத்திரம்?

அளவை மட்டும் சமன் செய்தாலும் போதாது. 50 செ.மீ. என்பது சுமார் 1.45 மில்லி செகண்ட். முதலில் வந்த ஒலியின் திசையைத்தான் காது நம்பும். சில மில்லி செகண்ட் பின்னால் வருவது ஓரளவு சத்தமாக இருந்தாலும் திசை மாறாது. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் 1949-ல் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்த விஷயம் இது. எனவே வலது ஸ்பீக்கருக்கு 1.45 மில்லி செகண்ட் தாமதம் கொடுத்தால்தான் பாடகர் நம் முழங்காலை விட்டு டாஷ்போர்டின் நடுவுக்குப் போவார். இந்த வசதி இப்போது பல ஸ்டீரியோக்களிலேயே இருக்கிறது, மெனுவில் யாரும் தொடாமல்.

அப்போ என்னதான் பண்றது?

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி இன்ஜினை ஓடவிடுங்கள். மூடிய கராஜில் வேண்டவே வேண்டாம். ஸ்பீக்கருக்குப் பதில் 4 ஓம், 100 வாட்ஸ் வயர்வுண்ட் ரெசிஸ்டரை மாட்டுங்கள், சுடும், கை வைக்காதீர்கள். ஆம்ப்ளிஃபையர் முனையில் 100 கிலோ ஓம், 2.2 கிலோ ஓம் இரண்டையும் தொடராகப் போட்டு, சின்னதன் குறுக்கே வரும் சிக்னலை யுஎஸ்பி சவுண்ட் கார்டின் லைன்-இன்னுக்குக் கொடுத்தால் 28 வோல்ட் உச்சி 0.6 ஆகிவிடும். லேப்டாப்பில் எஃப்எஃப்டி பாருங்கள். 1000 ஹெர்ட்ஸ் டோனுக்கு 2000, 3000-ல் முளைக்கும் முட்கள் மூல அலையைவிட 40 டெசிபல் கீழே இருந்தால், ஒவ்வொன்றும் 1 சதவீதத்துக்குள். கெயினைக் கூட்டும்போது எந்த இடத்தில் அவை திடீரென எழுகின்றனவோ, அதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்துங்கள். இதற்கு முன்பே ஸ்டீரியோவின் வெளியீட்டையும் இதே போல அளந்து, அது எந்த வால்யூமில் சிதைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பல ஆம்ப்ளிஃபையர்களில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்ட் கிடையாது. லேப்டாப்பைக் கார் சார்ஜரில் மாட்டிக்கொண்டு இதைச் செய்தால் ஆம்ப்ளிஃபையர் ஷார்ட் ஆகிவிடும். லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும், ஒரு நேரத்தில் ஒரு சேனல் மட்டும்.

பிறகு ஸ்பீக்கரை மாட்டி, டேப்பை எடுத்துத் தூரம் அளந்து, தாமதம் கொடுத்து, தலை இருக்கும் இடத்தில் போனை வைத்து பிங்க் நாய்ஸில் இடதையும் வலதையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். போன் மைக்கின் எண் நிஜமா என்பது இங்கே முக்கியமில்லை, ஒப்பீடு போதும்.

இதெல்லாம் நம்மால் ஆகாது, கடைக்குத்தான் போவேன் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். இன்ஜின் ஓடும்போது அளந்தீர்களா? சுமை மாட்டி அளந்தீர்களா? டோன் எத்தனை டெசிபல்? மூன்றுக்கும் பதிலாக ‘20 வோல்ட் வந்துச்சு சார்’ என்று மட்டும் சொன்னால், கெயினைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்து வாருங்கள். 3 டெசிபல் குறைந்தால் பாட்டு கொஞ்சம்தான் இறங்கும். ட்வீட்டர் பிழைக்கும்.