கச்சிக் கற்றளிகளும் திருப்பணி நெறியும்

சிவபுண்ணியங்களுள் திருக்கோயிற்பணி தலைசிறந்ததென்பது சைவநூல்களெல்லாம் ஒருமுகமாகக் கூறும் உண்மை. ஆலயந்தானும் அரனெனத் தொழத்தக்கதென்று சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அறிவுறுத்தலின், சித்தாந்த சைவர்க்குத் திருக்கோயில் இறைவன் உறையும் இடமாதலோடு வழிபடு பொருளுமாம். அங்ஙனமாகவும், புதுப்பிக்கின்றோமென்று புகுவார் அதன் பழைய வடிவைச் சிதைத்தலும், பழமையைக் காக்கின்றோமென்று புகுவார் ஆங்கு நிகழும் வழிபாட்டை இடையூறாகக் கருதுதலும் இக்காலத்து மிகுந்துள்ளன. இவ்விரு கொள்கைகளும் சைவநெறிக்கு ஒக்குமா என்பது கச்சி மாநகரத்துக் கற்றளிகளை முன்வைத்து ஈண்டு ஆராயப்படும்.

கச்சி, முத்தி நகரங்கள் ஏழனுள் ஒன்று. ஐம்பூதத் தலங்களுள் பிருதிவித்தலம். ஏகம்பம், மேற்றளி, ஓணகாந்தன்தளி, அநேகதங்காவதம், நெறிக்காரைக்காடு எனப் பாடல்பெற்ற திருத்தளிகள் ஐந்தினை உடையது. இந்நகரின் தெய்வப் பெருமையை அறிய விரும்புவார்க்கு மாதவச் சிவஞான சுவாமிகள் அருளிய காஞ்சிப்புராணம் உண்டு. அதனையன்றி, மதில்களிலும் தூண்களிலும் எழுதப்பட்ட மற்றொரு புராணமும் இந்நகரில் உண்டு. ஏட்டுப்புராணத்தைப் பொருளுணர்ந்து ஓதுவார் பலர்; கல்லிலுள்ளதைப் படிப்பார் மிகச் சிலர். படிப்பாரின்மையே அதன் அழிவுக்கு முதற் காரணமாயிற்று.

பல்லவன் இராசசிம்மன் கி.பி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த கயிலாசநாதர் கோயிலை எடுத்துக்கொள்க. முதலாம் இராசராசன் காலத்தில் இது கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி என வழங்கப்பட்டது. திருச்சுற்றைச் சூழ 58 சிற்றாலயங்கள் நிரைநிரையாக அமைந்துள்ளன. விமானத்தின் புறத்தே பொறிக்கப்பட்ட வடமொழிக் கல்வெட்டு, இக்கோயிலை எடுத்த வேந்தனைச் சைவசித்தாந்த நெறியில் மலமெல்லாம் அழியப்பெற்றவன் என்று போற்றுகின்றது. சைவசித்தாந்தம் என்னும் பெயர்க்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் இஃது ஒன்று. மெய்கண்டதேவர் காலத்துக்குப் பன்னூறாண்டு முன்னரே அப்பெயர் தமிழகத்து ஆன்றோரிடை வழங்கியதென்பதற்கு இக்கல் சான்று கூறுகின்றது. அக்கல் பொரிந்து உதிருமாயின் உதிர்வது கல்லன்று. சமயத்தின் பிறப்புரிமைப் பத்திரமே என்க.

ஆங்கே முன்மண்டபத் தூணொன்றில் கன்னடக் கல்வெட்டு ஒன்றும் உளது. கச்சியை வென்ற சளுக்க வேந்தன் இரண்டாம் விக்கிரமாதித்தன் இக்கோயிற் செல்வத்தைக் கண்டும் அதனைக் கவராது இறைவற்கே விடுத்தான் என்பது அதன் பொருள். பகைவனும் கை வையாது விடுத்த கோயிலை அன்பர் தம் கையாற் சிதைத்தல் எத்துணை இரங்கத்தக்கது!

இனி, இதனை மறுப்பார் கூறுவனவற்றை ஒவ்வொன்றாக நோக்குவது தகும்.

‘பூசலார் நாயனார் நினைந்தெடுத்த மனக்கோயிலையே இறைவன் விரும்பினான், காடவர்கோன் கல்லாற் கட்டியதனை விலக்கினான். ஆதலின் கல்லையும் சுதையையும் பேணுதல் உலகியலேயன்றி அருளியலன்று’ என்பார் உளர். அவர் பெரியபுராணத்தைக் கருத்தூன்றி ஓதிற்றிலர். இறைவன் காடவர்கோன் கனவிற் றோன்றிக் கூறியது, குடமுழுக்கை அந்நாளிற் செய்யாது பின்னொரு நாளிற் செய்க என்பதேயன்றி, அக்கோயில் வேண்டா என்பதன்று. நாள் மாற்றப்பட்டது; தளி மறுக்கப்படவில்லை. அக்காடவர்கோன் இராசசிம்மனே என ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். அவன் கலியுகத்தும் அசரீரி கேட்டனன் என்று மேற்கூறிய கல்வெட்டே வியந்து கூறுவதும் ஈண்டு உளங்கொளத்தக்கது. மனக்கோயிலின் பெருமையை உலகறியச் செய்ததும் கச்சியின் கற்கோயிலே என்றறிக.

‘பாடல்பெற்ற தலங்களில் மூர்த்தியும் பதிகமுமே முதன்மையுடையன. சுவர் எக்காலத்ததாயினும் என்?’ என்பது இரண்டாவது தடை. இதற்கு விடை சோழநாட்டுத் திருவிடைவாயிற் கோயில் கூறும். ஆளுடைய பிள்ளையார் அத்தலத்தின்மேல் அருளிய பதிகம் ஏட்டுச்சுவடிகளிற் காணப்படாது மறைந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் அக்கோயிற் கல்வெட்டிலிருந்து அது வெளிப்பட்டுத் தேவாரத்திற் சேர்க்கப்பட்டது. சுவர் என்னென்றிகழ்ந்து யாரேனும் அக்கல்லைப் பெயர்த்துப் படிக்கட்டுக்கு இட்டிருப்பின், ஒரு திருப்பதிகம் முற்றும் உலகிழந்திருக்கும். கச்சியிலும் இத்தகைய இழப்பு உண்டு. ஏகம்பத்தின் மூலக்கோயில் பற்பல காலத் திருப்பணிகளால் மாறியமையின், அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் கண்டு தொழுத கட்டடம் இன்று ஆங்கே முழு வடிவில் இல்லை. மகேந்திரவர்மனுடைய விருதுப்பெயர்கள் பொறித்த தூண் அக்கோயிலிற் கிடைத்தமையால் மட்டுமே, நாவரசரோடு தொடர்புடையவனென ஆராய்ச்சியாளர் கருதும் அவ்வேந்தனின் அடையாளம் ஒன்று எஞ்சிற்று.

‘பழுதுற்றதை நீக்கிப் புதியது செய்தல் ஆகமம் விதித்த சீர்ணோத்தாரணமன்றோ? செம்பியன் மாதேவியாரும் பழைய தளிகளை மாற்றிக் கற்றளியாக்கினரன்றோ?’ என்பது மூன்றாவது தடை. ஆம், ஆக்கினார். ஆயின் எங்ஙனம் ஆக்கினார் என்பதை நோக்குதல் வேண்டும். திருக்கோடிகாவிற் கற்றளி எடுத்தபொழுது, ஆங்குச் சிதறிக்கிடந்த கற்களிலிருந்த முன்னையோர் சாசனங்களைப் படித்துப் புதிய சுவர்களில் மீள வெட்டுவித்தார். தம் பெயரை நிறுத்தற்குப் பிறர் பெயரை அழித்திலர். முன்னோர் ஏற்றிய ஒரு விளக்குக்குரிய அறமும் கெடலாகாதென்பது அப்பெருமாட்டியார் கருத்து. மயமதமும் புதுப்பிக்கும் முறைக்கெனத் தனி இயலொன்று வகுத்து, இலக்கணம் புலப்பட நிற்கும் கோயிலை அதற்குரிய பொருளைக் கொண்டே செப்பஞ்செய்க என்னும். ஆகவே சீர்ணமாகிய பழுதை எடுத்துத் திருத்துதலே சீர்ணோத்தாரணம். பழுதில்லாததையும் உடன் அழித்தல் அப்பெயர்க்கு உரியதன்று. நோயுற்ற விரலுக்கு மருந்திடாது கையை வெட்டுவானை மருத்துவன் என்பார் யார்?

இன்று நிகழும் திருப்பணிகள் சிலவற்றை இவ்வளவைகொண்டு காண்க. கல்லைத் துலக்குதற்கென்று அழுத்தமிக்க காற்றால் மணலை வீசுகின்றனர். எழுத்தின் கூர்மை மழுங்குகின்றது. உளியின் நுண்தொழில் தேய்கின்றது. சுண்ணச்சாந்து இருந்தவிடத்துச் சிமெண்டு பூசுகின்றனர். அது ஈரத்தை வெளிவிடாது உள்ளே தேக்கி உப்பைப் பூக்கச்செய்து கல்லை அரிக்கின்றது. பழந்தளத்தின்மேல் வழுவழுப்பான ஓடுகளைப் பதித்து, அடித்தானத்துக் கல்வெட்டுகளைப் புதைக்கின்றனர். கயிலாசநாதர் கோயிலில் பிற்காலத்தார் பூசிய சுதையினடியில் பல்லவர் காலத்து ஓவியங்கள் மறைந்திருந்ததனை 1931-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் சூவோ துப்ரேல் கண்டார். சோமாற்கந்த வடிவம் அவற்றுள் ஒன்று. சிதைந்தும் வண்ணமும் கோடும் எஞ்சிய அவ்வோவியங்களைக் காண்பார், ஒரு சுவரைச் சுரண்டுமுன் நூறுமுறை எண்ணுதல் வேண்டுமென்பதை உணர்வர். 2021-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் பழைய கோயில்களைக் காக்குமாறு 75 கட்டளைகள் பிறப்பித்தது. அன்பர் தாமே செய்தற்குரிய கடமையை நீதிமன்றம் எடுத்துரைக்க நேர்ந்தமை சைவர்க்கு நாணந்தருவதொன்றேயாம்.

இனி, மற்றைச் சாராரையும் நோக்குக. கோயிலைக் காட்சிப்பொருளாக மட்டுங் கொண்டு, விளக்கின் புகையும் திருமுழுக்கின் நீரும் கட்டடத்துக்குக் கேடென்று வழிபாட்டையே ஒதுக்க விரும்புவார் கொள்கையும் பொருந்தாது. கயிலாசநாதர் கோயில் வரலாறே இதனை மறுக்கும். குலோத்துங்க சோழன் காலத்தில் இக்கோயில் அடைக்கப்பட்டு, இதன் நிலங்கள் அநேகதங்காவதக் கோயிலைச் சார்ந்தன என்றும், பின்னர் விசயநகர மரபினராகிய கம்பண உடையார் ஆட்சியில் அவை மீளக் கொடுக்கப்பட்டன என்றும் இங்குள்ள சாசனம் கூறுகின்றது. அப்பழுதை உணர்ந்தோர் முதற்கண் திருத்தியது சுவரையன்று, நின்ற வழிபாட்டையே. கல் உடம்பு; பூசை உயிர். உயிர் நீங்கிய உடம்பைப் பொதிந்து வைத்தலும், உயிரின் பொருட்டென்று உடம்பைத் துண்டித்தலும் ஒருபடித்தாகிய அறியாமையே. இன்று தொல்பொருட்டுறையின் காவலில் நின்றும் கயிலாசநாதர்க்குப் பூசை நிகழ்தலின், இரண்டும் ஓரிடத்து ஒருங்கு நிற்றல் இயலும் என்பது தெளிவு.

ஆதலின் திருப்பணி மேற்கொள்வார், முதலிற் கல்வெட்டனைத்தையும் படியெடுத்தலும், ஆகமம் வல்ல ஆசாரியரையும் மரபறிந்த தபதியரையும் தொல்லெழுத்து அறிந்தாரையும் ஒருங்கு உசாவுதலும், பழைய பொருளாற் பழுதுற்ற பகுதியை மட்டும் திருத்துதலும் முறையாகக் கொள்ளற்பாலர். திருமுறையும் சாத்திரமும் கற்பிக்கும் மடங்கள், தம் மாணாக்கர்க்கு வட்டெழுத்தும் கிரந்தமும் பழந்தமிழெழுத்தும் பயிற்றுவித்து, ஆண்டுக்கொருமுறையேனும் கச்சி போன்ற நகரங்களுக்கு அழைத்துச்சென்று கற்றளிகளைப் படிக்கச் செய்தல் வேண்டும். படித்தறிந்தவன் கை பழங்கல்லின்மேல் உளியை ஓங்காது. பொருள் வழங்குவோரும், தம் பெயர் வெட்டிய புதுக்கல்லினும் முன்னோர் பெயர் நிலைபெற்ற பழங்கல்லே தமக்குப் பெரும்புண்ணியம் தருவதென்று தெளிவாராக. முன்னோர் அறத்தைக் காப்பவன் அவ்வறத்திற் பங்குடையவனாவன் என்பது கல்வெட்டுகள்தோறும் ஓம்படையாகக் காணப்படும் வேண்டுகோள். அதனை நிறைவேற்றுதலே இக்காலச் சைவர்க்குரிய திருப்பணியாம்.

திருச்சிற்றம்பலம்.