சிறுமலையை வெட்டும் கோடு: நிலவுருக் கருவிகள் பற்றி ஒரு விமர்சனம்

திண்டுக்கல்லில் மதுரைப் பேருந்து ஏறி இடப்பக்கச் சன்னலோரம் அமர்ந்தால், சின்னாளபட்டி, காந்திகிராமம், அம்பாத்துரை என்று சிறுமலை உங்களுடனேயே வந்துகொண்டிருக்கும். அம்மலையில் நேர்க்கோடாக எந்த வெட்டும் கண்ணுக்குத் தென்படாது. ஆனால் என் மாணவர் ஒருவர் கணிப்பொறியில் வரைந்து கொண்டுவந்த சிறுமலைச் சரிவுப் படத்தில், வடக்கிலிருந்து தெற்காக, அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல் ஒரு வெள்ளைக் கோடு மலையை இரு கூறாக்கியிருந்தது. "சார், இது நிலப்பிளவாக இருக்குமோ?" என்று ஆவலோடு கேட்டார். நிலப்பிளவு அன்று. அது 78 பாகைத் தீர்க்கரேகை.

வரைபட மென்பொருள்கள் இன்று கல்லூரிகளில் பரவலாகிவிட்டன. அவற்றுள் கியூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருளே நம் மாணவர்கள் கைக்கு எட்டுவது. 2002இல் தொடங்கிய இத்திட்டத்தை உலகெங்கும் தன்னார்வலர்கள் வளர்த்து வருகின்றனர். அதன் பயன் பற்றி எனக்கு ஐயமில்லை. ஆயினும், நிலத்தின் ஏற்ற இறக்கங்களைக் கணக்கிடும் அதன் கருவிகள்மீது எனக்கு ஒரு குறை உண்டு. அவை தவறும்போது நின்றுவிடுவதில்லை. அழகிய வண்ணங்களில் ஒரு விடையைத் தந்துவிடுகின்றன.

உயரத் தரவு என்பது என்ன? நிலத்தின்மேல் ஒரு சதுரக் கட்டத் தாளை விரித்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். அது அவ்விடத்தின் உயரம். இவ்வகைக் கட்டத் தரவையே ராஸ்டர் என்கிறார்கள். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 60 மீட்டர் நீளக் கம்பத்தை விண்வெளியில் நீட்டி, அதன் இரு முனைகளிலும் ராடார் ஏற்பிகளை வைத்து, 11 நாள் பயணத்தில் உலகின் பெரும்பகுதி நிலத்தை அளந்தது. எஸ்ஆர்டிஎம் எனப்படும் அத்தரவில் ஒரு கட்டம் ஒரு பாகைச் செகண்டு, அதாவது ஏறத்தாழ 31 மீட்டர். இதை ஒரு பாகைக்கு ஒரு பாகை என்னும் சதுரத் துண்டுகளாகத் தருகிறார்கள். காந்திகிராமம் இருக்கும் துண்டு 77ஆம் பாகையில் தொடங்கி 78இல் முடிகிறது. சிறுமலை ஊர் அந்த 78ஐ ஒட்டியே இருக்கிறது. மலையின் மேற்குப் பாதி ஒரு துண்டிலும் கிழக்குப் பாதி அடுத்த துண்டிலும் விழுந்துவிடுகின்றன.

ஒரு கட்டத்தின் சரிவைக் கணக்கிடச் சுற்றியுள்ள 8 கட்டங்களும் வேண்டும். துண்டின் விளிம்புக் கட்டத்துக்கு ஒரு பக்கம் அண்டை வீடே இல்லை. எனவே கருவி அக்கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறது. இரு துண்டுகளுக்கும் தனித்தனியே சரிவு கண்டு, பிறகு ஒட்டினால், காலிக் கட்டங்கள் சேர்ந்து ஒரு வெள்ளைக் கோடாகின்றன. என் மாணவர் செய்தது அதுதான். முதலில் துண்டுகளை ஒட்டிவிட்டுப் பிறகு சரிவைக் கணக்கிட்டிருந்தால் கோடு தோன்றியிராது.

இங்கே ஒரு வேடிக்கை. நம் நில அளவைத் துறையின் பழைய தாள்களிலும் 58எஃப் தாள் முடிந்து 58ஜே தொடங்குவது இதே 78ஆம் பாகையில்தான். தாத்தா காலத்து அளவையாளர்களும் சிறுமலையைப் பார்க்க இரண்டு தாள்களைப் பசை தடவி ஒட்டியிருப்பார்கள். போதாக்குறைக்கு, யுடிஎம் என்னும் மீட்டர் அளவு முறையில் 43ஆம் மண்டலம் முடிந்து 44ஆம் மண்டலம் தொடங்குவதும் அங்கேயே! திண்டுக்கல் ஒரு மண்டலம், நத்தம் வேறொரு மண்டலம். மாவட்டம் முழுவதற்கும் படம் வரைபவர் 43ஐயே எடுத்துக்கொண்டு கிழக்கிலும் சிறிது தூரம் நீட்டிக்கொள்ளலாம். எல்லையருகே நீளத்தில் வரும் பிழை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மீட்டரே.

வெள்ளைக் கோட்டையாவது கண் காட்டிக் கொடுத்துவிடுகிறது. அதே மாணவரின் சரிவு எண்களைப் பாருங்கள். சிறுமலையும் 89 பாகைக்கு மேல், சின்னாளபட்டிச் சந்தைத் தெருவும் 89 பாகைக்கு மேல்! செங்குத்துச் சுவரில் நெசவுத்தறி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். காரணம் எளிது. உயரம் மீட்டரில் இருக்கிறது, கட்டத்தின் அகலமோ பாகையில் இருக்கிறது. அடுத்தடுத்த கட்டங்களுக்கிடையே 3 மீட்டர் உயர வேறுபாடு என்றால், 3ஐ 31ஆல் வகுக்க வேண்டும். சரிவு ஐந்தரைப் பாகை. கருவியோ 3ஐ 0.000278ஆல் வகுத்துவிட்டது, சரிவு 89.99 பாகை. பிளஸ் டூ மாணவர் அலகு எழுதாமல் விடையளித்தால் நாம் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். இரு அலகுகளைக் கலந்த ஒரு மென்பொருள் மட்டும் எச்சரிக்கையின்றி எத்தனையோ ஆண்டுகள் தேறி வந்திருக்கிறது. மிக அண்மைய பதிப்புகளில் இக்கணக்கு தானாகவே திருத்தப்படுகிறது என்பது மகிழ்ச்சி. ஆனால் நம் ஆய்வுக்கூடங்களில் உள்ள பதிப்பு எது என்று பாருங்கள். தரவை முதலில் மீட்டர் அளவுக்கு மாற்றிக்கொள்வதே நல்ல வழி. அப்படி மாற்றும்போதும், இயல்பாக அமைந்திருக்கும் 'அருகிலுள்ள கட்டம்' என்ற முறையை விட்டு 'இருவழி இடைமதிப்பு' முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் மலைப் படத்தில் கோடம்பாக்கக் கட்டம் போட்ட சேலையைப் போர்த்தியதுபோல் வரிகள் ஓடும்.

அடுத்தது உயரத்தைப் பற்றியது. பௌதிகம் படிப்போர் இதனைச் சற்று நிதானமாகக் கவனிக்க வேண்டும். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2005 மே 5ஆம் நாள் ஏவிய கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள், முன்னும் பின்னும் சாய்ந்த இரு காமிராக்களால் நிலத்தைப் படம் பிடித்தது. நம் இரு கண்கள் ஆழத்தை உணர்வதுபோல், அப்படங்களிலிருந்து உயரம் கணக்கிடப்பட்டது. அந்த உயரத் தரவு புவன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறந்த மாணவர்கள் திடுக்கிடுவார்கள். தூத்துக்குடிக் கடற்கரை கடல்மட்டத்துக்குக் கீழே 90 மீட்டரில் கிடப்பதாக எண்கள் சொல்லும். தரவு கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்தவர்களை நான் அறிவேன்.

தரவு கெடவில்லை. உயரம் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பதே கேள்வி. எஸ்ஆர்டிஎம் உயரங்கள் சராசரிக் கடல்மட்டத்தை ஒத்த ஈர்ப்புப் பரப்பிலிருந்து அளக்கப்பட்டவை. கார்ட்டோசாட் உயரங்களோ, பூமியைச் சீரான தட்டைக் கோளமாகக் கற்பனை செய்து, அக்கற்பனைப் பரப்பிலிருந்து அளக்கப்பட்டவை. உலகின் பல பகுதிகளில் இவ்விரு பரப்புகளுக்குமிடையே சில பத்து மீட்டர்களே வேறுபாடு. இலங்கைக்குத் தெற்கே இந்துமாக்கடலிலோ ஈர்ப்புப் பரப்பு 106 மீட்டர் தாழ்ந்து ஒரு பெரும் பள்ளமாக இருக்கிறது. உலகிலேயே ஆழமான பள்ளம் அதுவே. தென் தமிழ்நாடு அப்பள்ளத்தின் சரிவில் இருக்கிறது. திண்டுக்கல் பகுதியில் வேறுபாடு ஏறத்தாழ 90 மீட்டர். ஐரோப்பியப் பாடநூலை வைத்துக் கற்பிப்பவர் இதை ஓர் அடிக்குறிப்பாகத் தள்ளிவிடலாம். நமக்கு அது முதல் பாடமாக இருக்க வேண்டியது. மென்பொருளோ இரு தரவுகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கச் சொன்னால், 'இரண்டும் வெவ்வேறு அடித்தளத்தில் நிற்கின்றனவே' என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை, கழித்துக் கொடுத்துவிடுகிறது. பத்தாண்டுகளில் மாவட்டமே 90 மீட்டர் இறங்கிவிட்டது என்று நாம் கட்டுரை எழுத வேண்டியதுதான்.

இதைச் சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்றுண்டு. நம் ரயில் நிலையப் பெயர்ப்பலகைகள் பலவற்றில், ஊர்ப்பெயருக்குக் கீழே கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, உங்கள் தரவில் அதே இடத்துக் கட்டத்தைத் தொட்டுப் பாருங்கள். ஐந்து பத்து மீட்டர் வேறுபட்டால் கவலையில்லை. 90 மீட்டர் குறைந்தால், எந்த அடித்தளம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னவை திருத்தக்கூடியவை. இனிச் சொல்லப்போவது எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. தடுப்பணை எங்கே கட்டலாம், எந்தக் குளத்துக்கு எங்கிருந்து நீர் வரும் என்றெல்லாம் இன்று இக்கருவிகளைக் கொண்டே படம் வரைகிறார்கள். மாணவர் திட்ட அறிக்கைகளில் பாதி இத்தகையவைதாம். நீர் செல்லும் வழியைக் கணக்கிடும் முன் 'பள்ளம் நிரப்பு' என்றொரு கருவியை இயக்கச் சொல்கின்றன கையேடுகள். நான்கு புறமும் உயர்ந்து நடுவில் தாழ்ந்த இடம் எதுவானாலும் அது தரவுப் பிழை என்று கொண்டு, விளிம்பு வரை அதனை நிரப்பிவிடுவது அக்கருவியின் வேலை. 2006இல் வாங், லியூ என்ற இருவர் வெளியிட்ட விரைவான வழிமுறை பெரிதும் புழக்கத்தில் உள்ளது. கணக்காகப் பார்த்தால் அது அழகானது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் நம் சமவெளியில் பள்ளம் என்றால் என்ன? குளம்! கரை கட்டி, நீரைத் தேக்கவென்றே நம் முன்னோர் உண்டாக்கிய பள்ளம். கருவியின் கண்ணில் கண்மாய் ஒரு பிழை. கரையின் அடி அகலம் ஒரு கட்டத்தின் பாதிகூட இராது. எனவே 31 மீட்டர்க் கட்டத் தரவில் கரை சில இடங்களில் தெரியும், சில இடங்களில் மறையும். தெரிந்த இடத்தில் குளம் முழுவதும் நிரம்பி, நீர் கரையைத் தாண்டிக் குதித்துப் போவதாகப் படம் வரும். மறைந்த இடத்தில் கரையே இல்லாததுபோல் ஓடை நேரே போகும். மடையும் தெரியாது, கலிங்கும் தெரியாது. மறுகால் பாயும் திசை எதிர்ப்புறமாகக்கூட வரலாம். அந்த 11 நாட்களில் குளத்தில் நீர் கிடந்திருந்தால், ராடார் பதிந்தது அடித்தரையை அன்று, நீர்மட்டத்தையே என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அதன்பின் போடப்பட்ட நெடுஞ்சாலை மேடுகளும் வெட்டப்பட்ட கல்குவாரிகளும் அத்தரவில் இல்லை.

இன்னொன்று: எஸ்ஆர்டிஎம் உயரங்கள் முழு எண்கள். 300 மீட்டருக்கு ஒரு மீட்டர் தாழும் சமவெளியில் உண்மைச் சரிவு 0.2 பாகை. முழு எண் தரவிலோ தொடர்ந்து எட்டுக் கட்டங்கள் சரிவே இல்லாமலும், பிறகு இரண்டு கட்டங்கள் 0.9 பாகையாகவும் வரும். அதாவது படிக்கட்டு. நீர் எந்தப் பக்கம் போகும் என்பதை அந்தப் படிக்கட்டின்மேல் கருவி முடிவு செய்கிறது. தென்னந்தோப்பின் தலையைத் தரையென்று எண்ணிய ராடார்ப் பிழையும் இதனுடன் சேர்ந்துகொள்ளும். பின்னாளில் வந்த கோப்பர்நிக்கஸ் தரவு பின்ன எண்களில் உயரம் தருவதால் சமவெளிக்கு அதுவே மேல். ஆனால் தோப்பும் கரையும் அதிலும் தொல்லைதான்.

மலையில் இக்கருவிகளை நான் நம்புவேன். சிறுமலையின் ஓடைகளை அவை பெரும்பாலும் சரியாகவே வரைகின்றன. அங்கே உயர வேறுபாடு நூற்றுக்கணக்கான மீட்டர், பிழையோ சில மீட்டர். சமவெளிக்கு இறங்கியதும் அளக்க வேண்டியதைவிடப் பிழை பெரிதாகிவிடுகிறது. ஆனால் படத்தில் மலை ஓடையும் சமவெளி ஓடையும் ஒரே நீல நிறத்தில், ஒரே தடிமனில்! எந்தக் கோட்டை எவ்வளவு நம்பலாம் என்று காட்ட அக்கருவிகளில் ஒரு வசதியும் இல்லை. வேண்டுமானால் பயன்படுத்துபவரே தம் உழைப்பால் செய்துகொள்ள வேண்டும். என் முதன்மையான குறை இதுதான். பொத்தான்களின் வரிசையை மட்டும் கற்றுக்கொடுத்து, செய்முறைத் தேர்வையும் அதிலேயே முடித்துவிடும் என் போன்ற ஆசிரியர்களுக்கும் இக்குறையில் பங்கு உண்டு.

அந்த மாணவர் படத்தை மூன்றாம் முறை வரைந்தபோது, அச்செடுத்துக் கையில் கொண்டு, ஒரு குளத்தங்கரைக்கு நடந்து போனார். அங்கே மடை திறக்கும் பெரியவரிடம் காட்டியிருக்கிறார். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, மேக்கால கலிங்கு இருக்கு, நீங்க கெழக்கால தண்ணிய விட்டிருக்கீங்க" என்றாராம். மாணவர் அவர் சொன்னபடி வரத்து வாய்க்கால்களையும் கலிங்கையும் செல்பேசியில் இடம் குறித்து, அவ்வழியிலுள்ள கட்டங்களின் உயரத்தைச் சில மீட்டர் தாழ்த்திவிட்டு மீண்டும் கணக்கிட்டார். ஏழு கோடுகளில் ஐந்து சரியாகிவிட்டன. மற்ற இரண்டும் இன்னமும் கரையைத் தாண்டித்தான் போகின்றன. அவற்றைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு அப்படியே அறிக்கையில் சேர்த்திருக்கிறார்.