சிக்கனமும் சிறுகதையும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என்னோடு அச்சகத்தில் வேலை பார்த்த பழைய நண்பர் ஒருவரின் மகன், கல்யாணமாகி நாற்பது நாளே ஆன மனைவியுடன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பையனுக்கு வாசிப்பில் ருசி உண்டு. பெண் அதிகம் பேசவில்லை, பேச்சைக் கவனிக்கிறவள். சம்பளம், வாடகை, முன்பணம் என்று ஊர்க்கதையெல்லாம் ஆனபிறகு பையன் கேட்டான்:

"மாமா, எங்களை மாதிரிக் கையைக் கடிக்கிற சம்பளத்தில் குடித்தனம் பண்ணுகிறவர்களைப் பற்றி நல்ல கதையாக ஒன்று சொல்லுங்களேன். அழுகைக் கதை வேண்டாம். உபதேசமும் வேண்டாம்."

எழுதுகிறவனிடம் கதை கேட்டால் அவன் உடனே சொல்லிவிட வேண்டும் அல்லவா? எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. வறுமையைப் பற்றி நம்மிடம் கதைகள் ஏராளம். காதலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் பசியும் இல்லாமல், வசதியும் இல்லாமல், முதல் தேதியிலிருந்து முப்பதாம் தேதிவரை ஒரு கயிற்றின்மேல் நடப்பது போல இருவர் சேர்ந்து நடக்கிறார்களே, அந்த ஜீவனத்தைப் பற்றி யார் எழுதியிருக்கிறார்கள்? அவர்கள் போனபிறகும் இதே யோசனையாக இருந்தேன். அதன் பலன்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நினைவுக்கு வந்தது, எல்லோருக்கும் வருவதுதான்: ஓ. ஹென்றியின் 'மாகியின் பரிசு'. 1905-ஆம் வருஷம் டிசம்பரில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வந்த கதை. மறு வருஷம் 'நான்கு மில்லியன்' என்ற தொகுதியில் சேர்ந்தது. டெல்லா, ஜிம் என்ற இளம் தம்பதி. ஜிம்முக்கு வயது 22. வாரச் சம்பளம் ஒரு காலத்தில் 30 டாலராக இருந்து, கதை நடக்கும்போது 20 டாலராகக் குறைந்துவிட்டது. வீட்டு வாடகை மட்டும் வாரத்துக்கு 8 டாலர். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் டெல்லாவின் கையில் இருப்பது 1 டாலர் 87 சென்ட். அதில் 60 சென்ட் ஒற்றைச் சென்ட் காசுகள்.

இந்தக் கணக்கில் பிழை இருப்பதாகச் சொல்லிச் சந்தோஷப்படும் வாசகர்கள் உண்டு. மீதி 1 டாலர் 27 சென்ட்டை, ஒற்றைச் சென்ட் இல்லாமல் எப்படிக் கொண்டுவருவது என்பது அவர்கள் கேள்வி. அமெரிக்காவில் 1873 வரை இரண்டு சென்ட் நாணயமும், 1889 வரை மூன்று சென்ட் நாணயமும் அச்சிட்டார்கள். பழைய காசு ஒன்று டெல்லாவின் கையில் வந்து சேர்ந்திருந்தால் கணக்குச் சரியாகிவிடும். ஆகவே அந்தக் குற்றத்துக்காக ஓ. ஹென்றியை நான் தண்டிக்க மாட்டேன்.

என் குறை வேறு. கதையின் ஆரம்பத்தில் அவர் எவ்வளவு நல்ல விஷயத்தைக் கையில் எடுக்கிறார் பாருங்கள்! மளிகைக்காரனிடமும் காய்கறிக்காரனிடமும் இறைச்சிக் கடைக்காரனிடமும் பேரம் பேசிப் பேசி, 'இவள் கஞ்சம்' என்று அவர்கள் வாய் திறவாமல் நினைப்பது கன்னத்தில் சுட, ஒவ்வொரு காசாக மிச்சம் பிடித்திருக்கிறாள் அந்தப் பெண். இதை எழுதியவன் கடைத்தெருவை அறிந்தவன். சிக்கனத்தில் காசைவிடக் கனமானது இந்தக் கூச்சம்தான். ஆனால் ஒரு பத்தியோடு இதை விட்டுவிட்டுக் கதை ஓடிப்போகிறது. டெல்லா தன் கூந்தலை 20 டாலருக்கு விற்கிறாள். ஜிம்மின் கடிகாரத்துக்கு 21 டாலரில் சங்கிலி வாங்கி, மீதி 87 சென்ட்டோடு வீடு திரும்புகிறாள். அவனோ கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்கி வந்திருக்கிறான். நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம்.

துடைத்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. அடுத்த வாரம் என்ன ஆயிற்று? ஜிம்முக்குக் குளிருக்குப் புதுக் கோட்டு வேண்டும், கையுறை வேண்டும் என்று கதையே சொல்கிறது. அவை வந்தனவா? கூந்தல் வளரும், கடிகாரம் வளராது. வாடகைக்காரன் 8 டாலர் கேட்க வருவான். மூன்று ஞானிகளோடு ஒப்பிட்டு அந்தத் தம்பதியை ஆசிரியர் வாழ்த்தியாகிவிட்டதே, இனி யார் அதைக் கேட்பது? தினந்தோறும் நடப்பதை எழுதத் தொடங்கி, ஒரே நாளில் நடக்கும் தியாகத்தில் முடித்துவிட்டார். சிக்கனம் வேறு, தியாகம் வேறு. தியாகத்தை வாழ்நாளில் ஒரு முறை செய்தால் போதும். சிக்கனத்தை நாளைக் காலையிலும் செய்ய வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கதையில் கணவனும் மனைவியும் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கலந்து பேசிக்கொள்வதில்லை. பேசியிருந்தால் கதையே இல்லை என்பீர்கள். வாஸ்தவம்தான். ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் இழப்பதுதான் அன்பு என்று அந்தக் கதை நம்மை நம்ப வைக்கிறது. நூறு வருஷங்களுக்கு மேலாக நம்பிவருகிறோம்.

தமிழில் என்று பார்த்தால் புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' நினைவுக்கு வருகிறது. 1943-இல் வெளிவந்தது. ஜவுளிக்கடைச் சிப்பந்தி பிரமநாயகம் பிள்ளையும் அவர் நோயாளி மனைவியும். பணமில்லாத தாம்பத்தியம் வருஷங்கள் பல கழிந்தபின் எங்கே போய் நிற்கும் என்பதை, ஒரு சொட்டு இரக்கத்தைக்கூட நம்மிடம் யாசிக்காமல் காட்டிய கதை அது. பிள்ளை சமைக்கிறார், மனைவிக்குப் பணிவிடை செய்கிறார். யாரும் அவரைப் பாராட்டுவதில்லை. மகத்தான கதைதான். ஆனால் நாற்பது நாள் தம்பதியிடம் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய நூல்களைக் கேட்கலாமா என்றால் அங்கே ஒரு வேடிக்கை. கணவனுடைய வருவாய்க்குத் தக்கபடி நடப்பவளே வாழ்க்கைத் துணை என்று வள்ளுவர் 'வாழ்க்கைத் துணைநலம்' அதிகாரத்தைத் தொடங்குகிறார். வருகிற வழி சிறியதானாலும் போகிற வழி அகலாமல் இருந்தால் கேடில்லை என்று இன்னொரு குறளில் சொல்கிறார். அது 'வலியறிதல்' அதிகாரத்தில், பொருட்பாலில், அரசனுக்குச் சொன்ன இடத்தில் இருக்கிறது. ஆக, வீட்டில் சிக்கனம் பெண்ணுக்கு, நாட்டில் சிக்கனம் அரசனுக்கு. நடுவில் இருக்கிற சாதாரணக் கணவன் இரண்டு அதிகாரத்திலிருந்தும் நைஸாக நழுவிவிடுகிறான்!

பத்திரிகைகளில் வரும் சிக்கனக் குறிப்புகளும் இந்த வழியில்தான் போகின்றன. பீர்க்கங்காய்த் தோலைத் துவையலாக்கு, பழம்புடவையைத் தலையணை உறையாக்கு, நாலு தெரு தள்ளிப்போனால் தக்காளி இரண்டு ரூபாய் மலிவு. எல்லாம் நல்ல யோசனைகள்தாம். ஆனால் தோலைச் சீவி வதக்கி அரைக்கும் நேரத்துக்கும், நாலு தெரு நடக்கும் காலுக்கும் விலை போடுவதில்லை. ஒரு பெண்ணின் பொழுது இனாமாகக் கிடைக்கிறது என்ற அஸ்திவாரத்தின்மேல் கட்டிய கணக்கு அது.

நான் தேடியதை ஒரு புத்தகத்திலும் காணாமல், கடைசியில் ஒரு திரைப்படத்தில் கண்டேன். சத்யஜித் ராயின் 'அபுர் சன்சார்'. 1959-இல் வந்த வங்காளிப் படம். விபூதிபூஷண் வந்தியோபாத்தியாயரின் நாவலை ஆதாரமாகக் கொண்டது. வேலையில்லாத அபு, எதிர்பாராத விதமாக வசதியுள்ள வீட்டுப் பெண் அபர்ணாவை மணந்து, ரயில் பாதைக்குப் பக்கத்தில் மாடியில் இருக்கும் தன் ஒற்றை அறைக்குக் கூட்டி வருகிறான். வந்த அன்று அவள் ஜன்னலருகே நின்று கண்ணீர் விடுகிறாள். சிறிது காலம் கழித்து அதே ஜன்னலைப் பார்க்கிறோம்: நல்ல திரை தொங்குகிறது, செடி ஒன்று இருக்கிறது. எத்தனை காசு செலவாயிற்று என்று ராய் சொல்வதில்லை. நமக்கே தெரிகிறது.

அபர்ணா விசிறியால் அடுப்பை மூட்டுகிறாள். அபுவின் சிகரெட் பெட்டிக்குள், அவன் கொடுத்த வாக்கை நினைவூட்டி ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறாள். அவன் சாப்பிடும்போது அவள் விசிறுகிறாள். அடுத்த கணம் அவள் சாப்பிட அவன் விசிறுகிறான். இந்த இரண்டாவது விசிறலுக்காகவே ராய்க்கு நான் ஒரு கும்பிடு போடுவேன். நம் கதைகளில் முதல் விசிறலோடு விளக்கை அணைத்துவிடுவார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்த இடம் வேறு. மனைவி கஷ்டப்படுகிறாளே என்று அபு ஒரு வேலைக்காரி வைக்கலாம் என்கிறான். அதற்குப் பணம்? இன்னொரு ட்யூஷன் எடுத்துக்கொள்வேன் என்கிறான். அபர்ணாவின் பதில் என்ன தெரியுமா? இப்போது இருக்கிற ட்யூஷனையும் விட்டுவிடு, அப்போதுதான் சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்கு வருவாய் என்பது!

இதைக் கேட்டபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வரவைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் சிக்கனம்! ஜிம்மும் டெல்லாவும் காசைக் கொடுத்துப் பொருளை வாங்கினார்கள். இந்தப் பெண் காசைக் கொடுத்து ஒரு சாயங்காலத்தை வாங்குகிறாள். அதை ரகசியமாகச் செய்யவும் இல்லை; தனக்கு என்ன வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்கிறாள். சிக்கனம் என்றால் எது வேண்டாம் என்று தள்ளுவது என்றே நினைத்திருந்தேன். எது வேண்டும் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்வது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஏன் அவ்வளவு உறைத்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஓ. ஹென்றியைக் குறை சொன்னவன் தன் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும்.

2003-இல் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. கல்லூரியை நடுவில் விட்டுவிட்டு அச்சகத்தில் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். மாதம் 3,600 ரூபாய். அம்பத்தூரில் ஒரே அறை, வாடகை 1,000. என் மனைவி எண்பது பக்க நோட்டில் கணக்கு எழுதுவாள். மறு வருஷம் நான் ஒரு கதை எழுதினேன். பஸ் காசை மிச்சம் பிடிக்க நடந்தே போய் வரும் ஓர் இளம் மனைவி. அந்தக் காசில் கணவனுக்கு ஒரு பேனா. ஓ. ஹென்றியின் பேரப்பிள்ளை என்று பார்த்தவுடனே தெரியும். ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. நாலு பேர் பாராட்டினார்கள். பத்திரிகையை மனைவியிடம் நீட்டினேன். படித்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்தப் பொண்ணு காப்பி குடிப்பாளாங்க?"

எனக்கு விளங்கவில்லை. ஏதோ வேடிக்கை என்று சிரித்துவிட்டேன்.

எங்கள் கணக்கு நோட்டில் தினசரி முதல் வரி, பால் கால் லிட்டர். காலையிலும் மாலையிலும் எனக்குக் காப்பி வந்துவிடும். கால் லிட்டர் பாலில் இரண்டு பேர் இரண்டு வேளை காப்பி குடிக்க முடியாது என்பது கணக்கில் பூஜ்யம் வாங்கியவனுக்கும் தெரியும். கேட்டால், "எனக்குக் காப்பி பிடிக்காதுங்க" என்பாள். பிடிக்காதவளை வற்புறுத்துவானேன் என்று நானும் இருந்துவிட்டேன். மூன்று வருஷம் கழித்துச் சம்பளம் கூடிற்று. நோட்டில் பால் அரை லிட்டர் ஆயிற்று. அந்த மாதமே அவளுக்குக் காப்பி பிடித்துப்போயிற்று!

அது எனக்குப் புரிவதற்கு இன்னும் சில வருஷங்கள் ஆயின. இந்தப் படத்தைப் பார்த்த ராத்திரிதான் பரணிலிருந்து பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். என் சவரம், என் பஸ், என் புத்தகம் எல்லாவற்றுக்கும் வரி இருந்தது. அவளுக்கென்று தேடினால் கிடைத்தது வளையல், தைலம், ஊருக்குக் கடிதம். விரல்விட்டு எண்ணலாம். ஊரிலே சிக்கனக்காரன் என்று பேர் வாங்கியவன் நான். அந்தச் சிக்கனத்தைச் செய்தவள் வேறொருத்தி.

"அப்போதே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா நீங்களும் காப்பியை விட்டிருப்பீங்க. அப்புறம் ரெண்டு பேருக்கும் தலைவலி" என்றாள்.

இந்தப் பதிலுக்கு என்னிடம் மறுபதில் இல்லை. ஓ. ஹென்றியின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். மறைப்பதிலும் ஒரு கருணை உண்டு. ஆனாலும் என் மனம் ஆறவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடித்திருக்கலாமே! அந்த முடிவை எடுப்பதற்கு எனக்கும் பாத்தியதை உண்டல்லவா? கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருந்தது என் பங்கு. அந்தக் கதையை அதற்குப் பிறகு எந்தத் தொகுதியிலும் நான் சேர்க்கவில்லை. திருத்தி எழுதவும் முயன்றேன், வரவில்லை. காப்பி குடிக்காத பெண்ணைக் கதைக்குள் கொண்டுவந்தால், அவள் பேனா வாங்க மறுக்கிறாள்.

அன்றைய ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கதை சொல்ல முடியாமல் நான் தடுமாறியதைப் பார்த்துப் பையன், தங்கள் வரவு செலவெல்லாம் கைப்பேசியிலேயே ஏறிவிடுவதாகவும், மாதக் கடைசியில் அதுவே வண்ணப் படம் போட்டுக் காட்டுவதாகவும் சொல்லி எனக்குக் காட்டினான். நன்றாகத்தான் இருந்தது. "இதில் பதிவு பண்ணுவது யார்?" என்று கேட்டேன். "நான்தான் மாமா" என்றான் பெருமையாக.

அந்தப் பெண் அதுவரை பேசாமல் இருந்தவள், என் மனைவியைப் பார்த்து, "அத்தை, நீங்க எழுதின நோட்டு இருக்குதா? பார்க்கலாமா?" என்றாள்.

நோட்டு வந்தது. என் புத்தகங்கள் அடுக்கியிருந்த அலமாரியின் கீழே தரையில் உட்கார்ந்து, ஒரு பக்கம்கூட விடாமல் அதைப் படித்தாள். பாதியில் தலையைத் தூக்கி, "கால் லிட்டர் எப்படி அத்தை போதும்?" என்று கேட்டாள். இருபது வருஷமாகக் கேட்கப்படாத கேள்வி. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து, நாலு பேருக்குக் காப்பி போடச் சமையலறைக்குப் போனேன்.